அரை நாளில் வேலூர்

வேலூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வேலூரைப் பார்ப்பதற்காக வருவதில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், காலேஜில் பிள்ளையைச் சேர்க்க வருகிறார்கள், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் மண்டிகளில் கணக்குத் தீர்க்க வருகிறார்கள், காட்பாடியில் ஒரு ரயிலை விட்டிறங்கி இன்னொரு ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள். வந்த காரியம் ஒருவாறு முடிந்ததும் கையில் அரை நாள் மிஞ்சுகிறது. அந்த அரை நாளை என்ன செய்வது என்று தெரியாமல், வாடகை அறையின் கட்டிலில் படுத்து மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

இவர்களில் நம் அனுதாபத்துக்கு முதல் உரிமை பெற்றவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்தான். 1900-ம் வருஷத்தில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் ஒரே ஒரு படுக்கையுடன் ஆரம்பித்த வைத்தியசாலை, இன்று வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும், தேச எல்லையைத் தாண்டி பங்களாதேஷிலிருந்தும் நோயாளிகளை வரவழைக்கும் பெரிய ஸ்தாபனமாக இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைப் பலகைகளிலே வங்காளி எழுத்தைப் பார்க்கலாம். "ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக் காலையில்தான் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டார்கள் என்றால், நோயாளிக்குத் துணையாக வந்தவருக்கு அன்று பிற்பகல் முழுவதும் மனக்கவலையைத் தவிர வேறு வேலை இல்லை. அப்படிப்பட்டவருக்கு ஊர் சுற்றுவது ஓர் ஆடம்பரமல்ல. ஒரு மருந்து என்றே சொல்லலாம். ஆகவே, குறைந்த அவகாசத்தில் வேலூரைப் பார்ப்பது எப்படி என்பதைப் பற்றி இந்த வாரம் சிறிது பேசுவோம்.

குறைந்த அவகாசத்தில் ஊர் பார்ப்பதற்கு ஒரே ஒரு சாஸ்திரம்தான் உண்டு. எதைப் பார்ப்பது என்பதற்கு முன்னால், எதை விடுவது என்பதைத் தீர்மானம் செய்துவிட வேண்டும். பத்து இடங்களை மோட்டாரில் இருந்தபடியே பார்த்துவிட்டு வந்தவரிடம் மறுநாள் கேட்டால், மோட்டாருக்குக் கொடுத்த வாடகை மட்டுமே ஞாபகத்தில் இருக்கும்.

இந்த சாஸ்திரப்படி அரை நாள்காரர் முதலில் விட வேண்டியது, ஊருக்குத் தெற்கே திருமலைக்கோடியில் இருக்கும் பொற்கோயில். 2007-ல் கும்பாபிஷேகமான அந்தக் கோயிலுக்கு இன்று யாத்திரிகர்கள் திரள் திரளாகப் போகிறார்கள். தங்கத் தகடு வேய்ந்த விமானத்தின் சோபையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், ஒரு மைலுக்கு மேல் நீளும் நக்ஷத்திர வடிவமான பாதையில் நடந்தே சந்நிதியை அடைய வேண்டும். போக, வர, நடக்க, நிற்க என்று கணக்குப் போட்டால் அரை நாளும் அங்கேயே தீர்ந்து போகும். முழு நாள் உள்ளவர்கள் அதையும் சேர்த்துக் கொள்ளட்டும்.

அதேபோல் மேற்கே எட்டு ஒன்பது மைலில் உள்ள விரிஞ்சிபுரத்தையும் மனமில்லாமல்தான் ஒதுக்குகிறோம். அந்தக் கோயிலின் மதில் அழகு பழமொழியாகவே வழங்குகிறது. சூரிய வெளிச்சத்தில் குச்சியின் நிழலைக் கொண்டு மணி பார்க்கும் கல் ஒன்றும் அங்கே உண்டு. சுவாமியின் பெயர் மார்க்கபந்தீசுவரர். அதாவது வழித்துணை நாதர். பிரயாணிகளுக்கென்றே அமைந்த தெய்வம். பெங்களூர் ரஸ்தாவில் சொந்த வண்டியில் போகிறவர்கள் வழியில் இறங்கி அவரை ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம். மற்றவர்கள் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஊருக்குள் பார்க்க என்ன இருக்கிறது? வேலூரைப் பற்றி ஒரு பழைய பரிகாசம் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று அந்தப் பட்டியல் போகிறது. இன்னும் ஓரிரண்டு சேர்த்தும் சொல்வார்கள். அவை மரியாதைக் குறைவானவை, விட்டுவிடுவோம். ஊரைக் கேலி செய்தவன் தன்னை அறியாமலே நமக்கு ஒரு வழிகாட்டிப் புஸ்தகம் எழுதிக் கொடுத்திருக்கிறான். கோட்டை, கோயில், ஆறு என்ற மூன்றையும் அந்த வரிசையிலேயே பார்த்துவிட்டால் போதும். அரை நாள் சரியாகிவிடும்.

* * *

காலை ஏழு மணிக்குக் கோட்டையில் இருப்பது நல்லது. வேலூர் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மரம் குறைந்த அந்த மலைகள் பகலில் வாங்கும் சூட்டையெல்லாம் ஊருக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

கோட்டைக்குள் நுழையுமுன் அகழியின் கரையில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். சுமார் 133 ஏக்கர் விஸ்தீரணமுள்ள கோட்டையைச் சுற்றித் தண்ணீர். அதன் நடுவே கருங்கல் மதில். மதிலின் மேல் வட்ட வட்டமான கொத்தளங்கள். விஜயநகர சாம்ராஜ்யத்துக்கு உட்பட்ட நாயக்கர்கள் 16-ம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை இது. அவர்களில் சின்ன பொம்மு நாயக்கரின் பெயர் தமிழ்நாட்டுப் பண்டிதர்களுக்கு நன்றாகத் தெரியும். மகா வித்வானான அப்பய்ய தீக்ஷிதருக்குக் கனகாபிஷேகம் செய்து கௌரவித்தவர் அவர்தான். பிற்பாடு விஜயநகர ராயர்களே சில காலம் இங்கிருந்து ஆண்டார்கள். பீஜப்பூர் சுல்தானின் சேனை இதைப் பிடித்தது. மராட்டியர் ஒரு வருஷத்துக்கு மேல் முற்றுகையிட்டு 1678-ல் கைப்பற்றினார்கள். பிறகு மொகலாயர், ஆற்காட்டு நவாபின் வம்சத்தார், கடைசியில் ஆங்கிலக் கம்பெனியார். இத்தனை பேர் கை மாறியும் மதில் இன்னும் உறுதியாகவே நிற்கிறது. உரிமை கொண்டாடியவர்கள்தான் ஒருவரும் நிற்கவில்லை.

உள்ளே போனதும் ஜலகண்டேசுவரர் கோயிலுக்கே நேராகப் போய்விடுங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இதுவே முதல் காரியம். தெற்கு நோக்கிய கோபுரத்தைத் தாண்டியதும் இடது பக்கத்தில் இருப்பது கல்யாண மண்டபம். குறைந்த அவகாசமுள்ளவர் தம்முடைய நேரத்தில் பெரும் பங்கை இந்த ஒரு மண்டபத்துக்குக் கொடுத்தாலும் தகும். முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளும், அவற்றின் மேல் வீரர்களும், யாளிகளும் ஒவ்வொரு தூணிலும் கல்லென்பதை மறந்து துள்ளுகின்றன. தலையை அண்ணாந்து பார்த்தால், கூரையின் நடுவில் மலரைச் சுற்றி வட்டமாகத் தலைகீழாகத் தொங்கும் கிளிகளைக் காணலாம். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இன்னொன்றைத் தேடிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். காளைக்கும் யானைக்கும் ஒரே தலையாக அமைத்த சிற்பம் அது. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் காளை. மறு பக்கத்தை மறைத்தால் யானை. சிற்பிக்குச் சிரிக்கவும் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இந்த மண்டபத்தை அப்படியே பெயர்த்து எடுத்துக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் திட்டமிட்டார்கள் என்றும், அதற்காக வந்த கப்பல் நடுவழியில் மூழ்கிவிட்டதென்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும் மண்டபம் இருக்கிறது.

பரிகாசக்காரன் சொன்ன "சாமி இல்லாத கோயில்" இதுதான். அவன் சொன்னது ஒரு காலத்தில் முழு உண்மை. யுத்தங்களின் நடுவே மூலவரான லிங்கம் இங்கிருந்து அகற்றப்பட்டது. முந்நூறு வருஷத்துக்கு மேலாகக் கருவறை வெறுமையாகக் கிடந்ததென்று ஊரார் சொல்வார்கள். தெய்வம் இருந்த இடத்தில் கம்பெனியார் வெடி மருந்தும் தளவாடங்களும் வைத்தார்கள். சுதந்திரம் வந்த பிறகும் கோயிலுக்குச் சுவாமி வரவில்லை. தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் உள்ள புராதனக் கட்டடத்தில், நெடுங்காலமாக நின்றுபோன பூஜையைப் புதிதாகத் தொடங்கக்கூடாது என்று சட்டம் குறுக்கே நின்றது. லிங்கம் பக்கத்துச் சத்துவாச்சாரியில் காத்திருந்தது, ஜனங்களும் காத்திருந்தார்கள். கடைசியில் 1981-ம் வருஷம் மார்ச் மாதம் 16-ந் தேதி ஊரார் கூடி லிங்கத்தைக் கோட்டைக்குள் கொண்டு வந்து அதன் ஸ்தானத்தில் வைத்துவிட்டார்கள். அன்று முதல் மணி அடிக்கிறது, விளக்கு எரிகிறது. பரிகாசத்தில் ஒரு வரி அன்றோடு பொய்யாயிற்று.

இந்தச் சம்பவத்தைக் கோயிலுக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் ஒரு கணம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. "இந்த ஊருக்கு இல்லாதது இல்லாததுதான்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரித்த ஒரு குறையை, ஊர் ஜனங்களே ஒரு நாள் நீக்கிவிட்டார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே நடப்போம்.

* * *

கோயிலை விட்டு வெளியே வந்தால் அதே மதிலுக்குள் மசூதியும், 1846-ல் கட்டிய மாதா கோயிலும், அரண்மனைக் கட்டடங்களும், சர்க்கார் காட்சிசாலையும் இருக்கின்றன. காட்சிசாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துக் கொள்வது நல்லது. ஆனால் இவற்றையெல்லாம்விட, கோட்டைக்குள் இருக்கும் வெற்று மைதானத்தைப் பார்க்கும்படி நாம் சிபாரிசு செய்கிறோம். அங்கே பார்க்க ஒன்றும் இல்லையே என்பீர்கள். 1806-ம் வருஷம் ஜூலை மாதம் 10-ந் தேதி விடியற்காலையில் அங்கே பார்க்க நிறைய இருந்தது.

அதற்கு முந்திய நவம்பரில் சென்னைச் சேனாதிபதி கிராடக் ஒரு புதிய உத்தரவு பிறப்பித்திருந்தார். சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை எடுத்துவிட வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதில் தோலில் செய்த சின்னம் வைத்த புதிய தொப்பி போன்ற தலைப்பாகை அணிய வேண்டும். ஹிந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே சமயத்தில் மனம் புண்படும்படி ஓர் உத்தரவு தயாரிப்பது சுலபமான காரியமல்ல. துரைமார் அதைச் சாதித்துவிட்டார்கள். மே மாதத்தில் மறுத்துப் பேசியவர்களில் ஒரு ஹிந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலைக்குத் தொளாயிரம் கசையடி தண்டனை விதித்தார்கள். சமத்துவம் அந்த விஷயத்தில் மட்டும் குறையாமல் இருந்தது.

ஜூலை 10-ந் தேதி விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டைத் தலைவரான கர்னல் ஃபான்கோர்ட் கொல்லப்பட்டார். ஐரோப்பியரின் 69-வது படைப்பிரிவு தங்கியிருந்த இடத்தின் மேல் குண்டு பொழிந்தது. சோல்ஜர்களும் அதிகாரிகளுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது முதல் இதே கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளைத் தலைவராக்கி, மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். ஆனால் வெற்றி சில மணி நேரந்தான் நீடித்தது. பதினாறு மைலுக்கு அப்பால் ஆற்காட்டில் இருந்த குதிரைப்படைக்குச் செய்தி போவதைத் தடுக்க யாரும் ஏற்பாடு செய்யவில்லை. கில்லெஸ்பி என்ற தளபதி குதிரைகளை விரட்டிக்கொண்டு வந்து கயிற்றைப் பற்றி மதிலேறினார். பின்னால் வந்த பீரங்கிகள் கோட்டைக் கதவைத் தகர்த்தன. நண்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அரண்மனைக்குள் புகலிடம் தேடிய சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து சுவரோரமாக நிறுத்திச் சுட்டார்கள். பின்னால் விசாரணை என்று ஒன்று நடத்தி ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள். அன்று இறந்த சிப்பாய்களின் மொத்தத் தொகையை 350 என்று மதிப்பிடுகிறவர்கள் உண்டு. அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் என்கிறவர்களும் உண்டு.

அன்று கொல்லப்பட்ட கர்னலின் மனைவி இரண்டு குழந்தைகளை அணைத்துக்கொண்டு ஒளிந்திருந்து உயிர் தப்பினாள். அவள் எழுதி வைத்த குறிப்பு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. துக்கத்துக்குச் சாதியும் தேசமும் கிடையாது என்பதை மறக்காமலே, நம்முடைய சிப்பாய்களையும் நாம் நினைக்கலாம். சுடப்பட்டு விழுந்தவர்களின் மனைவி மக்கள் எழுதிய குறிப்பு ஒன்றுகூட இல்லை. 1857-ல் வடக்கே நடந்த பெரும் புரட்சிக்கு 51 வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. தலைப்பாகை உத்தரவு ரத்தாயிற்று. சேனாதிபதியும் கவர்னர் பெண்டிங்கும் 1807-ல் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்கள். கோட்டைக்கு வெளியே சாலைச் சந்திப்பில் 1998-ல் ஒரு ஞாபகத் தூண் எழுப்பினார்கள். அவசரக்காரர்கள் அதை ஒரு வண்டி நிறுத்தும் அடையாளமாக மட்டுமே அறிவார்கள். நீங்கள் அப்படியிருக்க வேண்டாம்.

* * *

வேலூரில் அவகாசம் இல்லாதவர்களைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னோம். அவகாசத்தைத் தவிர வேறு ஒன்றுமே இல்லாதவர்களும் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். "ராஜா இல்லாத கோட்டை" என்று சொன்னவன் சரித்திரம் சரியாகப் படிக்கவில்லை. ராஜாக்கள் இருந்தார்கள், கைதிகளாக இருந்தார்கள்.

திப்புவின் பிள்ளைகள் ஏழு வருஷம் இருந்தார்கள். 1806-க்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் போன சில வருஷங்களுக்கெல்லாம் இன்னொரு ராஜா வந்து சேர்ந்தார். இலங்கையில் கண்டியை ஆண்ட கடைசி அரசரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், மதுரை நாயக்கர் வழி வந்த உறவினர். 1815-ல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து ராஜ்யத்தை எடுத்துக்கொண்டு, 1816-ல் இந்தக் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். 1832-ம் வருஷம் ஜனவரி மாதம் 30-ந் தேதி காலமாகும் வரையில், அதாவது 16 வருஷ காலம், அவர் வேலூரில் இருந்தார். கோட்டையிலுள்ள கல்லையெல்லாம் எண்ணிப் பார்க்க அவருக்கு நேரம் இருந்திருக்கும்.

நம் தலைவர்களுக்கும் வேலூரில் நிறைய அவகாசம் கிடைத்தது. கோட்டையில் அல்ல, ஊருக்குத் தெற்கே தொரப்பாடியில் உள்ள மத்திய சிறைச்சாலையில். 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரையில் ராஜாஜி அங்கே இருந்து தினசரிக் குறிப்பு எழுதினார். அது பின்னால் புஸ்தகமாக வந்தது. 1940-ல் காந்திஜியைப் பார்க்க வார்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த காமராஜரை வழியில் கைது செய்து வேலூரில் அடைத்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே விருதுநகர் ஜனங்கள் அவரை முனிசிபல் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையானதும் ஊருக்குப் போய் அந்தப் பதவியை ஏற்று, உடனே ராஜினாமாச் செய்தார். சிறைச்சாலையைச் சுற்றிப் பார்க்க அனுமதி கிடையாது. உள்ளே போக வேறு வழிகள் உண்டென்றாலும் நாம் அவற்றைச் சிபாரிசு செய்யவில்லை.

ஆக, கோட்டைக்கு ராஜா இல்லையே என்று வருத்தப்பட ஒரு காரணமும் இல்லை. இந்தத் தேசமே ராஜா இல்லாமல் நடப்பதென்று 1950-ல் தீர்மானம் செய்துகொண்டது. கோட்டையில் இப்போது மாலை வேளையில் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். பரீக்ஷைக்குப் படிக்கிறவர்கள் மர நிழலில் உட்கார்ந்து படிக்கிறார்கள். பரிகாசத்தில் இந்த வரியை ஊருக்குப் பெருமையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பத்து, பத்தரை மணிக்குப் பசி எடுக்கும். மாமிச உணவு சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பிரதேசத்தின் கியாதி ஆம்பூர்ப் பிரியாணி. சீரகச் சம்பா அரிசியும், ஊற வைத்து அரைத்த வற்றல் மிளகாயும், பக்கத்தில் கத்தரிக்காய்க் கறியும் அதன் லக்ஷணம். ஆம்பூர் முப்பது மைலில் இருக்கிறது. வேலூரிலேயே அந்த வழியில் சமைப்பவர்கள் இருக்கிறார்கள். சைவர்களும் ஏமாற வேண்டியதில்லை. பக்கத்து இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு என்ற சர்க்கார் அங்கீகாரம் கிடைத்தது. காம்பில் முள் இருந்தாலும் குழம்பில் ருசி அபாரம். மார்க்கெட்டில் ஒரு கிலோ வாங்கி மூட்டையில் வைத்துக்கொண்டு ரயிலேறினால் வீட்டில் வரவேற்பு நிச்சயம்.

* * *

இனிக் காட்பாடி நோக்கித் திரும்பலாம். ஊரின் வடக்கு எல்லையில் பாலாற்றங்கரையில் ஒரு சிறு மண்டபம் இருக்கிறது. கண்டி ராஜாவை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். தமிழ்நாட்டு சர்க்கார் 1990-ல் அவர் சமாதியின் மேல் முத்து மண்டபம் எழுப்பியது. பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். சொந்த மண்ணைவிட்டுக் கடல் கடந்து வந்து மாண்டவரின் தலைமாட்டில் ஒரு நதியாவது இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள் போலும்.

ஆனால் அந்த நதி எங்கே? மண்டபத்திலிருந்து பாலத்துக்கு வந்து நின்று பாருங்கள். பரிகாசத்தின் மூன்றாவது வரி கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் மணலும் முட்புதருமாகக் கிடக்கிறது. பார்க்க வேண்டிய இடங்கள் என்று அச்சிட்ட எந்தப் பட்டியலிலும் இந்தப் பாலம் இராது. அரை நாள்காரர் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் இதுவே என்கிறோம் நாம்.

பாலாறு மைசூர்ச் சீமையில் நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை வழியாகக் கடலுக்குப் போகிற ஆறு. மேலே ஏரிகளும் அணைகளும் தண்ணீரைத் தடுத்துக்கொள்கின்றன என்ற வழக்கு பழையது. 1892-லேயே மைசூருக்கும் சென்னைக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. மணலை லாரி லாரியாக அள்ளியது இன்னொரு காரணம். ஆனாலும் மேலே தண்ணீர் இல்லாவிட்டாலும் மணலுக்கடியில் ஊற்று இருந்தது. கரையோரத்துக் கிணறுகளில் நல்ல தண்ணீர் இருந்தது. அந்த அடித் தண்ணீருக்கும் கேடு வந்தது தோல் பதனிடும் தொழிலினால்.

முன்காலத்தில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிட்டார்கள். பிறகு வேகத்தையும் ஏற்றுமதியையும் உத்தேசித்துக் குரோமிய உப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் உப்பும் ரசாயனமும் கலந்து வெளியே வந்து வயலிலும் வாய்க்காலிலும் ஆற்று மணலிலும் இறங்கியது. இந்தப் பிரதேசத்தில் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று என்ற கணக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே ஏறியிருக்கிறது. தென்னை வைத்திருந்தவர்கள் மட்டை காய்ந்ததைப் பார்த்தார்கள். கிணறு வைத்திருந்தவர்கள் குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து நின்றார்கள்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் இதை விதியென்று விட்டுவிடவில்லை. 1991-ல் தில்லி வரை போய் வழக்குத் தொடுத்தார்கள். 1996-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. நீரையும் நிலத்தையும் கெடுத்தவரே அதற்குரிய ஈட்டைக் கட்ட வேண்டும். கெடுதல் முற்றிலும் நிரூபணமாகும் வரையில் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதியே என்று நீதிபதிகள் சொன்னார்கள். இன்று இந்தியாவில் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் வேலூரின் பெயரை அந்த வழக்கில்தான் முதலில் படிக்கிறான். கழிவு நீரைச் சுத்தி செய்யும் பொது நிலையங்கள் வந்தன. அவற்றில் சேராத சில தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஆனாலும் காரியம் தீரவில்லை. ஈடு கிடைக்காதவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும், ஆற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே 28 வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன. ஓடாதது ஆறு மட்டுந்தான்.

தோல் தொழிலே வேண்டாம் என்று பாலத்தின் மேல் நின்று சொல்லிவிடுவது சுலபம். நாம் அதைச் சொல்லவில்லை. ஆம்பூரில் காலை வேளையில் பாதரட்சைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பஸ்களைப் பார்த்தவர்கள் சொல்லமாட்டார்கள். அந்தப் பஸ்களில் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய சம்பளத்தினால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது; பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். சீமைக்கு ஏற்றுமதியாகும் செருப்பின் விலையில் தோலின் விலை இருக்கிறது, தையற் கூலி இருக்கிறது, கப்பல் கூலி இருக்கிறது. கெட்டுப்போன கிணற்றின் விலை மட்டும் அதில் சேரவில்லை. அந்த விலையை இதுவரை கிணற்றுக்காரர்களே கொடுத்து வந்திருக்கிறார்கள். அதைச் செருப்பின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். அது நியாயம் என்பதற்கு வக்கீல் தேவையில்லை.

ஆறு அடியோடு செத்துவிட்டதென்று நினைக்கவும் வேண்டாம். 2021 நவம்பரில் பெருமழை பெய்தபோது இந்தப் பாலத்தின் கீழ் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியது. ஊரில் பாதிப்பேர் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஆற்றைப் பார்க்க ஆற்றங்கரை ஊராரே கூட்டமாக வந்து நிற்க வேண்டியிருந்தது என்பதில் சந்தோஷமும் இருக்கிறது, வெட்கமும் இருக்கிறது.

ராஜா இல்லாத குறை நாமே வேண்டிப் பெற்றது. சாமி இல்லாத குறையை ஊரார் 1981-ல் தீர்த்துவிட்டார்கள். அந்தக் கோயிலில் இருப்பவருக்குப் பெயரிலேயே ஜலம் இருக்கிறது, ஆற்றில்தான் இல்லை. முந்நூறு வருஷத்துக் குறையை நீக்க முடிந்த ஜனங்களுக்கு ஐம்பது அறுபது வருஷத்துக் குறையை நீக்க முடியாது என்று நாம் நம்பவில்லை. ஆனால் இது வேலூரார் மட்டும் செய்து முடிக்கக்கூடிய காரியமல்ல. சர்க்காரும், தோல் முதலாளிகளும், மேல் நாட்டு வியாபாரிகளும், தோல் செருப்புப் போட்டுக்கொண்டு பாலத்தைக் கடக்கிற நாமும் இதில் பங்காளிகள்.

அரை நாள் தீர்ந்துவிட்டது. பாலத்திலிருந்து காட்பாடி ஸ்டேஷன் தூரமில்லை. ஆட்டோக்காரர் ரயில் நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவார். போகிற வழியில் பாலத்தின் மேல் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்வதற்கு மட்டும் அவருடன் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.